மூன்று கதவுக்குத்தான் பெயின்ற் பிடித்தது

கார் எங்கள் கொட்டிலுக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. ஏறாவூரிலிருந்து லேண்ட்மாஸ்டர் என்கிற ஒரு கை உழவு மெசினின் பின்னால் கயிற்றில் கட்டுண்டு வந்தது. நாய் எதுவும் ஊளையிடவில்லை. பக்கத்து வீட்டு ஆடு மட்டும் வந்து முன் ரயரை முகர்ந்து பார்த்துவிட்டு, சொல்லும்படியாக ஒன்றுமில்லை என்பதுபோல் திரும்பிப் போனது.

மொரிஸ் ஒக்ஸ்போர்ட். ஒருகாலத்தில் வாடகைக் காராக ஹயர் ஓடியது. நான்கு கதவில் மூன்று திறக்கும். இடது பின் கதவின் ஜன்னல் சட்டத்தையும் நடுத்தூணையும் சேர்த்துச் செப்புக் கம்பியால் கட்டியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினொரு சுற்று. எங்கள் பக்கத்தில் பூட்டுப் பழுதானால் கம்பி கட்டுவார்கள். கம்பி பழுதானால் அதன்மேல் இன்னொரு கம்பி கட்டுவார்கள். அதனால் நான் எதையும் யோசிக்கவில்லை. காரை விற்ற உசனார் காக்காவிடம் (ஏறாவூரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“பூட்டுச் சரியில்ல மனே. அது கட்டினபடியே கிடக்கட்டும்” என்றார், ரயரைப் பார்த்துக்கொண்டு.

நான் அவருடைய கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். நானும் ரயரைத்தான் பார்த்தேன்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. அக்கா நிருஷாவுக்குக் கல்யாணம் என்றதும் வீடு அவளுடையதாகிவிட்டது. எனக்கு வாவிக்கரையிலிருந்த தகரக் கொட்டில், அதுவும் அவள் மனம் வைத்தால். ஆனால் பெண்ணின் தம்பிக்கு ஒரு உரிமை இருந்தது. மாப்பிள்ளையைப் போய்க் கூட்டிக்கொண்டு வருவது அவன்தான். மாப்பிள்ளை உதயரூபனின் ஊர் வாவிக்கு அப்பால், படுவான்கரையில். கார் வந்த அந்த வாரக் கடைசியில், சொந்தக்காரர் முப்பது பேர் கூடியிருந்த நேரத்தில் நான் எழும்பி, என் கையால் பெயின்ற் அடித்த காரில்தான் அத்தானைக் கூட்டிவருவேன் என்று அறிவித்தேன். கல்யாணத்துக்கு அப்போது பதினாறு நாள் இருந்தது.

“சைக்கிளுக்குப் பெயின்ற் அடிச்சிட்டு மூணு நாள் கைபிடியோட ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சவன் நீ” என்றாள் அக்கா. “மாப்பிள்ள சீற்றோட ஒட்டிக்கிட்டா ஆரு பிடுங்கிறது?”

“ஒட்டினா உனக்கு நல்லதுதானே. ஓடேலாது.”

அம்மா சிரிக்கவில்லை. “முப்பது பேருக்கு முன்னால சொல்லிப்போட்டாய். மானம் போகாமப் பார்த்துக்க மனே” என்றாள்.

பெயின்ற் அடிக்கும் வேலையை நான் போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். கொம்பிரசரும் பெயின்ற் தெளிக்கும் துப்பாக்கியும் றிப்ஷானுடையவை. அவன் ஏறாவூரில் மோட்டார்சைக்கிளுக்குப் பெயின்ற் அடிப்பவன். பல்கலைக்கழகத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு வருடம் இருந்துவிட்டு, புத்தியுள்ளவன் என்பதால் விலகிப் போனவன். எஞ்சினை ஒரு மெக்கானிக் ஓட வைத்தார். நாங்கள் ஒன்பது நாள் துருவைச் சுரண்டினோம். பட்டி பூசினோம், தேய்த்தோம், மறுபடி பூசினோம். பிறகு சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு.

ஆனி மாதம். கச்சான் காற்று காலை எட்டு மணிக்கே எழும்பி ஊர்ப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு வரும். அதனால் பெயின்றை விடிய ஐந்தரைக்கு அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன் சீமெந்துத் தரை முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஈரத் தரையில் தூசி அடங்கிக் கிடக்கும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் நீலம் அடித்தோம். மழைக்கு முந்திய வாவியின் நீலம். ஏழு மணிக்குப் பார்த்தால் எஞ்சினை மூடும் பொனற் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ற் அந்த இடத்தை விட்டு விலகி இப்படிக் குழியாகும். பெயின்ற் பாஸ்மார் இதற்கு மீன்கண் என்பார்கள்.

“ஆரும் எண்ணக் கையால தொட்டீங்களா?” என்று றிப்ஷான் கேட்டான்.

அம்மா கொட்டில் வாசலுக்கு வந்தாள். “வெள்ளிக்கிழம வீட்டுக்குச் சாம்பிராணி காட்டக்குள்ள காருக்கும் காட்டினன். நல்லெண்ணயில தொட்டு ஒரு திருநீத்துக் குறியும் வெச்சன். ஏன், தப்பா மனே?”

“இல்லம்மா” என்றான் றிப்ஷான். பிறகு என் பக்கம் திரும்பி, “உன்ட கார் இனி மோட்சத்துக்குப் போகும். ரோட்டில போகாது” என்றான்.

ஆக, பொனற்றின் பழுதுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இடது பின் கதவின் பழுதுக்குத்தான் கிடைக்கவில்லை. அங்கே குழி இல்லை, வழிசல் இல்லை. நடுவில் ஓர் அகலமான இடத்தில் பெயின்றே இல்லை. சாம்பல் அடிப்பூச்சு அப்படியே தெரிந்தது. துப்பாக்கியை நான் அந்தக் கதவின்மேல் நான்கு தரம் ஓட்டியிருந்தேன்.

“நீ நித்திரயில அடிச்சிருக்காய்” என்றான் றிப்ஷான். நானும் அதை நம்பினேன். நம்புவதற்கு அது மிக இலகுவாக இருந்தது.

இரண்டு நாள் தண்ணீர் தொட்டு வோட்டர் பேப்பரால் தேய்த்து, தின்னரால் துடைத்து, புதன்கிழமை விடிய மறுபடி அடித்தோம். பொனற் கண்ணாடியாக வந்தது. மூன்று கதவுகளும் வந்தன.

நாலாவதில் மறுபடியும் அதே சாம்பல் இடம். இந்த முறை விளிம்பு தெளிவாக இருந்தது, ஜன்னலை மறைத்து ஒட்டிய பேப்பர் வரைக்கும்.

மேலே ஒரு வளைவு. கீழே ஒடுங்கி, மறுபடி அகன்றது.

றிப்ஷான் கதவுக்கு எதிரே போய் நின்றான். திரும்பி, காரைத் தொடாமல், முதுகை அந்தப் பக்கம் காட்டிச் சாய்வதுபோல் நின்று காட்டினான். அவனுடைய தோளும் இடுப்பும் அந்த விளிம்புக்கு ஏறக்குறைய சரியாகப் பொருந்தின. அங்கே சாய்ந்து நின்ற ஆள் எவரோ, இவனைவிட இரண்டு அங்குலம் உயரம்.

“மச்சான், கீழ பார்” என்றான்.

தரை முழுக்க ஈரம். நான்தான் நான்கு வாளி ஊற்றியிருந்தேன். கதவுக்கு முன்னால் மட்டும் இரண்டு இடம் காய்ந்து கிடந்தது. நீள்வட்டமாக, பக்கத்துப் பக்கத்தில். குதிகால் காரின் பக்கம், விரல்கள் எங்கள் பக்கம்.

பத்து விரலையும் எண்ணலாம்.

றிப்ஷான் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அந்த இடத்தில் மெதுவாகச் சாய்த்தான். தண்ணீர் ஓடி வந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்து, சுற்றிப் போய், அப்பால் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது.

கல்லைச் சுற்றி ஓடுவது போல.

கொட்டிலுக்குள் தின்னர் வாசம்தான் இருந்தது. இப்போது அதற்கடியில் இன்னொன்று. கண்டல் வேரடியில் கிளறிய சேறு. பழைய தண்ணீர்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் ஓடியிருப்பான். எனக்கோ கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. துப்பாக்கியில் அரைவாசிப் பெயின்றும் இருந்தது. துப்பாக்கியைத் தூக்கி, கதவைப் பார்த்து விசையை அழுத்தினேன்.

பெயின்ற் புகையாகப் போனது. கதவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது.

நின்ற இடத்தில் அது எதிலோ படிந்தது.

முதலில் ஒரு தோள், ஒரு பக்கம் மட்டும். நீலமாக, வெறும் காற்றில். பிறகு கழுத்தின் ஓரம். பிறகு ஒரு காது. காதின் மடல், மடலில் பழைய கடுக்கன் துளை. அதற்கு மேலும் கீழும் ஒன்றுமில்லை. கொட்டிலின் தகரச் சுவர் தெரிந்தது.

நான் விசையை விட்டேன்.

சத்தம் நின்றதும், அந்தக் காது மெதுவாக எங்கள் பக்கம் திரும்பியது.

நாங்கள் ஓடிய ஓட்டத்தைப் பற்றி எழுத எதுவுமில்லை. எனக்கு முன்னால் ஓடியவன் றிப்ஷான். அவன் ஓதிக்கொண்டே ஓடினான். நானும் அவனோடு சேர்ந்து ஓதினேன். அது என் மார்க்கமில்லை என்று எனக்கு ரோட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கே பகல் உசனார் காக்காவைப் பிடித்தோம். பழைய இரும்புகளுக்கு நடுவில் வெறுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். றிப்ஷான் என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்க முதலே, “கம்பிய அவிழ்த்தீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல காக்கா.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று கோப்பையைக் கீழே வைத்தார்.

அவர் சொன்னது விளங்க வேண்டுமென்றால் எங்கள் பாதையைத் தெரிந்திருக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியின் மேல் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிப்போகிற இரும்பு மிதவை. அதில் காரை ஏற்றினால், உள்ளே இருப்பவர்கள் இறங்கிவிட வேண்டும். கார் வெறுமையாக நிற்கும். ஆட்கள் அதன் பக்கத்தில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். அக்கரை வந்ததும் சாரதி “ஏறுங்க” என்பார். எல்லாரும் ஏறுவார்கள்.

“நாப்பது வருசத்துக்கு முந்தி” என்றார் உசனார் காக்கா. “இந்தக் கார் ஹயர் போகுது. உள்ளுக்கு ஆறு பேர். ஒருத்தருக்கொருத்தர் தெரியாத ஆக்கள். பாதையில எல்லாரும் எறங்கி நிண்டிருக்காங்க. ஒரு ஆள் இந்தக் கதவில சாஞ்சுகிட்டு நிண்டிருக்கார். நடு வாவியில காத்து. பாதைய ஒரு ஆட்டு ஆட்டிப்போட்டு. அக்கரைக்கு வந்து, சாரதி ஏறுங்க எண்டார், ஏறினாங்க. சீற்றில இடம் தாராளமா இருந்திச்சாம். ஆருக்கும் அது ஏன் எண்டு ஓடல்ல.”

“மறுகா?”

“மறுகா என்ன, பாதையில ஒரு சோடி செருப்புக் கிடந்திச்சாம். பாதைக்கார நல்லரத்தினம் அப்ப இளந்தாரி. அவன்தான் கண்டவன்.” காக்கா குரலைத் தாழ்த்தினார். “அதுக்குப் பிறகு கார் எங்க நிண்டாலும் அந்தக் கதவு தானாத் திறக்கும். ஏறுங்க எண்டு அவர்ட்ட மட்டும் ஆரும் சொல்லல்லதானே. அதான் சாரதி கம்பி கட்டினார். அந்தக் கதவ விடு மனே. அப்பிடியே கிடக்கட்டும்.”

அப்படியே கிடக்கட்டும் என்பது நல்ல யோசனைதான். ஆனால் மாப்பிள்ளைக் கார் ஒன்று மூன்று கதவு நீலமும் ஒரு கதவு சாம்பலுமாக, அந்தச் சாம்பலில் ஓர் ஆளின் உருவமுமாகப் போய் நின்றால், அந்த முப்பது பேரும் அவரவர் சாகும் வரை அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு வந்த யோசனை சுத்தமான தொழில்நுட்ப யோசனை. அந்த ஆள் சாத்திய கதவில் சாய்ந்து நிற்கிறார். கதவைத் திறந்து வைத்து அடித்தால், சாய்வதற்குக் கதவு இல்லை. பெயின்றுக்கும் கதவுக்கும் நடுவில் அவர் இருக்க மாட்டார்.

இதைவிடக் கெட்டித்தனமான யோசனை என் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை.

வெள்ளி விடிய ஐந்தரைக்கு நான் தனியாகக் கொட்டிலுக்குள் போனேன். றிப்ஷான் வெளியே நின்றான். “கொம்பிரசருக்குப் பக்கத்தில ஒரு ஆள் நிக்கணும் மச்சான்” என்று காரணம் சொன்னான். கொம்பிரசர் கொட்டில் வாசலில் இருந்தது. அவன் ரோட்டில் நின்றான்.

தரையை நனைத்தேன். இரண்டு காய்ந்த இடமும் அங்கேதான் இருந்தன.

குறட்டால் கம்பியைப் பிடித்தேன். ஒரு சுற்று. இரண்டு. குறடு சட்டத்தில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. பதினொன்றாவது சுற்று அவிழ்ந்தபோது, பிடி என் கையில் தானாகக் கீழே இறங்கியது.

கதவு திறந்தது. நான் பிடியைப் பிடித்தபடி, ஒரு ஹயர்காரனைப் போல, பக்கத்தில் ஒதுங்கி நின்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வாளி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

பிறகு, என் முழங்கையை உரசிக்கொண்டு, கொடியில் தொங்கும் ஈரச் சேலை போலக் குளிர்ந்த ஏதோ ஒன்று கடந்து போனது.

சீற்றின் ஸ்பிறிங் முனகியது.

நான் கீழே பார்த்தேன். தரை முழுக்க ஈரமாக இருந்தது. எந்த இடமும் காயவில்லை.

அதற்குப் பிறகு அடித்த பெயின்றைப் போல ஒரு பெயின்றை நான் பார்த்ததில்லை. தூசி இல்லை, குழி இல்லை, தோடம்பழத் தோல் போன்ற சொரசொரப்பு இல்லை. ஞாயிறன்று லேசாக வோட்டர் பேப்பர் போட்டு, மருந்து பூசிப் பொலிஷ் பண்ணினோம். கதவில் என் முகம் தெரிந்தது. அக்கா வந்து சுற்றிப் பார்த்தாள். குறை கண்டுபிடிக்க முடியாத கோபத்தில் ஒரு தரம் கூடுதலாகச் சுற்றினாள்.

“பின்பக்கம் ஒரு பக்கமாச் சரிஞ்சு நிக்குதேடா” என்றாள் கடைசியில்.

“பழைய ஸ்பிறிங்” என்றேன்.

உண்மையாக அப்படித்தான் நினைத்தேன். பழுது போய்விட்டது என்றால் அவரும் போய்விட்டார் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தவன் நான்.

திங்கட்கிழமை காலை. நல்ல வெயில். நான் ஓட்ட, றிப்ஷான் புதுச் சேட்டோடு எனக்குப் பக்கத்தில். பின் சீற் மாப்பிள்ளைக்காக வெறுமையாக, மல்லிகைச் சரம் தொங்கவிட்டபடி. துறையில் காரைப் பாதையில் ஏற்றினேன். நாங்கள் இருவரும் இறங்கி, முன்பக்கம் போய் நின்றோம். பாதை கரையை விட்டு நகர்ந்தது.

அந்தச் செருப்பைக் கண்ட பாதைக்காரர் நல்லரத்தினம் இப்போது தலை நரைத்தவர். காரை ஒரு பார்வை பார்த்தார். நல்ல நீலம் என்றார். நான் பெருமையாகச் சிரித்தேன்.

“தம்பி, பின்னுக்கு இருக்கிறவரையும் எறங்கச் சொல்லுங்க. பாதையில வாகனத்துக்குள்ள ஆள் இருக்கப்படாது.”

“பின்னுக்கு ஆருமில்லயே” என்றேன்.

“வெள்ளச் சாரன் கட்டிக்கிட்டு இருக்காரே.” கண்ணுக்கு மேல் கையை வைத்துக் குனிந்து பார்த்தார். “ஏன் மனே, அந்தாளுக்கு ஒரு காது மட்டும் நீலம்?”

றிப்ஷான் என் கையைப் பிடித்தான்.

நாங்கள் பார்த்தோம். வெறும் சீற். மல்லிகைச் சரம். இடது பின் கதவின் கண்ணாடியை ஏற்றும் கைபிடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கண்ணாடி மேலே ஏறி, இறுக மூடிக்கொண்டது.

நல்லரத்தினத்தாரின் கை கண்ணிலிருந்து இறங்கியது. அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு அவர் பாதையின் மறுமுனைக்குப் போய், அக்கரை வரும்வரை அங்கேயே நின்றார்.

அங்கே துறையிலேயே மாப்பிள்ளை வீட்டார் கூடி நின்றார்கள். உதயரூபன் அத்தான் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக, வாயெல்லாம் சிரிப்பாக வந்தார். “அடேய் தர்ஷன், நீயே அடிச்சதா? சும்மா சொல்லக்கூடா, கண்ணாடிதான்” என்று இடது பின் கதவின் பிடியில் கை வைத்தார்.

நான் அவருடைய கையைத் தட்டிவிட்டேன். அத்தனை பேருக்கும் முன்னால், மாப்பிள்ளையின் கையை.

கதவை நானே திறந்தேன். வெறும் சீற்றைப் பார்த்து, எனக்கே கேளாத குரலில் சொன்னேன். “ஐயா, கரை வந்திட்டு. இறங்குங்க.”

சேற்று வாசம் வெளியே வந்தது. ஸ்பிறிங் அசையவில்லை.

“தயவுசெய்து” என்றேன்.

பிடி என் விரல்களிலிருந்து நழுவியது. கதவு உள்ளேயிருந்து இழுக்கப்பட்டுச் சாத்தியது. படார் என்று அல்ல. மெதுவாக, புதுப் பெயின்றில் கீறல் விழாதபடி, மிகக் கவனமாக.

அத்தான் கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தலைப்பாகையைச் சரி செய்தார்.

“நான் ஓட்டோவில வாறன்” என்றார்.

முப்பது பேரும் இன்றுவரை சிரிக்கிறார்கள். மாப்பிள்ளை ஓட்டோவில் முன்னால் வர, மாப்பிள்ளைக் கார் வெறுமையாகப் பின்னால் வந்தது என்று. அத்தான் ஊருக்கு முழுதாக வந்து சேர்ந்தார், அக்காவின் கழுத்தில் தாலி ஏறியது. எனக்கு அது போதும்.

அன்றைக்கு மாப்பிள்ளையோடு திரும்பி வரும்போது பாதையில் நானும் றிப்ஷானும் இறங்கி, காரிலிருந்து எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரத்தில், பாதையின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாப்பிள்ளையின் ஓட்டோ எங்களுக்கு முன்னால் நின்றது. காற்று எழும்பத் தொடங்கியிருந்தது.

நல்லரத்தினத்தார் தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு காரின் பின் கண்ணாடி அருகே போனார். குனிந்தார்.

“நீங்க இருங்கண்ணே” என்றார், தாழ்ந்த குரலில். “எறங்க வேணாம். இருங்க.”

பாதை நடு வாவிக்கு வந்தபோது, காரின் கூரையில் உள்ளேயிருந்து யாரோ இரண்டு தரம் தட்டினார்கள். எல்லாரும் ஏறியாயிற்று, இனிப் போகலாம் என்று பஸ்ஸில் தட்டுவார்களே, அப்படி.